கோலம் போட மட்டும் கூப்பிடுகிறார்கள்

கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் நிரலெல்லாம் எழுதி முடித்த பிறகே தன்னார்வ வடிவமைப்பாளரைத் தேடுகின்றன. வீட்டைக் கட்டிவிட்டு வாசலில் கோலம் போட ஆள் கூப்பிடுவதுபோல. பயனர் எங்கே தடுமாறுவார் என்று யோசிப்பதும் உழைப்புதான். ஆனால் கிட்ஹப்பின் பச்சைக் கட்டங்கள் நிரல் சேர்ப்பை எண்ணும். விவாதத்தில் அவள் எழுதும் நீண்ட பின்னூட்டத்தை எண்ணாது. (சமையலறையில் பழகிய கணக்குதான்.)

பெண்களுக்கு ஆர்வமில்லை என்பார்கள். 2006இல் கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில் க்னோமுக்கு வந்த 181 விண்ணப்பங்களில் ஒரு பெண்ணும் இல்லை. பெண்களுக்கென்றே உதவித்தொகையோடு அறிவித்ததும் நூறு பேர் விண்ணப்பித்தார்கள். அதன் வழிவந்த அவுட்ரீச்சி இன்று வடிவமைப்புப் பணிக்கும் பணம் தருகிறது.

நான் வாசிக்கும் அழைப்புகள் பலவற்றிலோ எத்தனை மணிநேரம், யார் முடிவெடுப்பார், அவள் பெயர் எங்கே வரும் என்று ஒரு வரிகூட இல்லை.