ஸரீனாவின் ஒன்பது வீடுகளும் ஒரு கோடும்

அச்சோவியர் ஸரீனா ஹாஷ்மியின் வாழ்நாள் பணியை இரண்டு அருங்காட்சியகங்கள் இரண்டு பெயர்களில் தொகுத்தன. 2012இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஹாமர் அருங்காட்சியகம் ‘தோல்போலக் காகிதம்’ என்றது. 2020 ஜனவரியில், அவர் இறப்பதற்குச் சில மாதங்கள் முன், டில்லி கிரண் நாடார் அருங்காட்சியகம் ‘ஒன்பது கோடுகளில் ஒரு வாழ்க்கை’ என்றது. முன்னது பொருளைப் பிடிக்கிறது, பின்னது வாழ்க்கையை. ஹாமர் பிடித்ததே சரியான நுனி. இலங்கையின் தேயிலை மலைநாட்டு உடப்புசல்லாவையில் இருந்து அவர் அச்சுகளைப் பார்க்கும்போது இது இன்னும் தெளிவாகிறது.

டில்லித் தலைப்பு 1997இல் அவர் செய்த தொகுப்பொன்றின் பெயர். பாங்கொக், பாரிஸ், டோக்கியோ, நியூயோர்க் எனத் தாம் குடியிருந்த ஒன்பது வீடுகளின் தரைப்படங்களை அமிலம் அரித்த தகடுகளில் எடுத்திருக்கிறார். கணிதம் படித்தவரின் சிக்கனம் ஒவ்வொரு கோட்டிலும் தெரிகிறது. ஆனால் வீட்டுக்கு வீடு வேறுபட்டால்தான் தரைப்படம் நினைவைச் சுமக்கும். தோட்டத் தொழிலாளருக்கான எங்கள் லயத்தில், வரிசை வீட்டில், பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு. தோட்டக் கம்பனி போட்ட ஒரே படம் எத்தனையோ தலைமுறைக்குப் பொருந்தும். அதில் யாருடைய வாழ்க்கையும் இல்லை. ஸரீனாவின் ஒன்பதிலும் ஊர்ப்பெயரை மறைத்துவிட்டால் மிஞ்சுவது ஒழுங்கான வடிவியல்தான். வாழ்க்கை வரலாறு வந்து கைகொடுக்க வேண்டியிருக்கிறது.

2001இல் வந்த ‘பிரிக்கும் கோடு’ என்ற மரச்செதுக்கு அச்சுக்கு அந்தத் துணை வேண்டாம். இந்திய பாகிஸ்தான் எல்லை, கறுப்பாக, காகிதத்தின் குறுக்கே கோணிக்கொண்டு இறங்குகிறது. அவர் கோட்டைச் செதுக்கவில்லை. கோட்டை மட்டும் விட்டுவிட்டு, இருபக்கத்து மரத்தையும் தோண்டி எடுத்தார். எல்லை நிற்பதற்காக இரண்டு நிலமும் குடையப்படுகின்றன. உளியின் மிச்சத் தடங்கள் சுற்றிலும் சிதறிக் கிடக்கின்றன. பொருளும் வேலைமுறையும் இவ்வளவு ஒன்றான அச்சு அவரிடமே வேறு இல்லை.

மனிதர்கள் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், எங்களுக்கு அதைக் கேட்கும் உரிமையும் உண்டு. 1964இன் இந்திய இலங்கை ஒப்பந்தம் எங்கள் மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தபோது அந்தத் தாளிலும் மனிதர்கள் இல்லை. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை அழுகையோடு ஏற்றிச்சென்ற ரயிலான ஒப்பாரிக் கோச்சியில்தான் இருந்தார்கள். எல்லை போட்டவர்கள் எதைக் கண்டார்களோ அதை மட்டுமே ஸரீனா காட்டுகிறார். அந்த வெறுமை குற்றப்பத்திரிகையாகவே நிற்கிறது. ஆயினும் ஒரு கலைஞரின் வாழ்நாள் தொகுப்பு முழுவதையும் இந்த மௌனத்தால் தாங்க முடியாது.

அவரே அதை உணர்ந்திருக்க வேண்டும். 2004இல் செய்த ‘வீட்டிலிருந்து கடிதங்கள்’ எட்டு அச்சுகளில் அக்கா ராணியின் உருதுக் கையெழுத்து வருகிறது. பெற்றோரின் சாவையும் வீடு கைமாறியதையும் பற்றி எழுதி, அனுப்பாமலே வைத்திருந்த கடிதங்கள். அவற்றின்மேல் வீட்டுப்படமும் நிலப்படமும் கறுப்பாக விழுகின்றன. ஒன்பது வீடுகளில் தனித்து நின்ற அதே தரைப்படம், இங்கே ஒருத்தியின் எழுத்தை மறித்துக்கொண்டு நிற்பதால் கனக்கிறது. உருது தெரியாத எனக்கும் அந்த மறிப்பு புரிகிறது.

பிற்காலத் தங்கத்தாள் வேலைகள் இவற்றின் பக்கத்தில் வைக்கத் தக்கவை அல்ல. 2010இன் ‘கண்கூசும் ஒளி’யில் பளபளப்பு உண்டு, உளியோடு மரம் மல்லுக்கட்டிய தடம் இல்லை. ஸரீனாவை முதல் வரிசையில் வைப்பவை ‘பிரிக்கும் கோடு’ம் அந்த எட்டுக் கடிதங்களும். ஒன்பது வீடுகள் அல்ல.