பல்லவிக்குத் திரும்புதல்

கோவை இம்மானுவேல் ஆலயத்துக்கோ ஈரோடு பிரப் ஆலயத்துக்கோ ஞாயிறு ஆராதனைக்கு வரும் பாட்டிகளின் கைப்பையில் வேதாகமத்தோடு கீர்த்தனைப் புத்தகமும் இருக்கும். ஓரம் மழுங்கி, எண்ணெய்ப் பிசுக்கேறி, அட்டை தைக்கப்பட்ட பிரதி. பாட்டின் தலைப்பில் எண், ராகம், தாளம்: முகாரி, ஆனந்தபைரவி, சங்கராபரணம், ஆதி, ரூபகம். உள்ளே நம் கர்நாடகக் கச்சேரிக் கட்டேதான்: பல்லவி, அனுபல்லவி, சரணங்கள்.

அந்தக் கட்டில்தான் சூட்சுமம். சரணங்களில் நோய், வறுமை, சாவு என எதையும் சொல்லி அழலாம். ஆனால் சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்பியாக வேண்டும். அங்கே ஒரு வேண்டுதலோ நன்றியோ காத்திருக்கும். துக்கத்தை மறைக்காமலே நம்பிக்கையைப் பழக்கும் ஏற்பாடு இது. பனியன் கம்பெனியில் ஆர்டர் இல்லாத மாதத்திலும், ஆஸ்பத்திரிக் கட்டிலருகிலும், துக்க வீட்டுத் திண்ணையிலும் இதைப் பாடுகிறார்கள்.

இவற்றை எழுதியவர்களிலும் அடிபட்டவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரான தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) மிஷனரிகளோடு ஏற்பட்ட பூசலில் மிஷன் வேலையை இழந்தவர். அந்தப் பூசலில் சாதி வழக்கங்களை விடமாட்டேன் என்ற பக்கம் அவர் நின்றார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் பாட்டு அவரைத் தாண்டி எல்லார் வாய்க்கும் வந்துவிட்டது.

புத்தகத்தில் ராகத்தின் பெயர்தான் உண்டு, மெட்டு இல்லை. அது பாட்டிகளின் தொண்டையில் இருக்கிறது. அவர்கள் பாடும்போதே செல்போனில் பதிந்து வையுங்கள்.