அம்பாசிடருக்கு ஒரு எலெக்ட்ரிக் ஃபேன்

பழைய அம்பாசிடரின் ரேடியேட்டர் ஃபேன் பெல்ட்டில் ஓடுவது. இன்ஜின் வேகமெடுத்தால் அதுவும் வேகமெடுக்கும். சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது, காற்று அதிகம் தேவைப்படும் அந்த நேரம் பார்த்து, சோம்பிவிடும். அதைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டுகிற மெக்கானிக்கைப் பக்கத்தில் நின்று பார்ப்பது தனி சுகம்.

முதலில் டேப் எடுத்து ரேடியேட்டருக்கும் வாட்டர் பம்புக்கும் இடையே அளப்பார். எந்த ஃபேன் என்பதை அந்த இடைவெளிதான் முடிவு செய்யும். இடம் இருந்தால் இன்ஜின் பக்கம் வைத்துக் காற்றை இழுப்பதே நல்லது. கிரில் பக்கமிருந்து தள்ளுவது வேறு வழியில்லாதவர்களுக்கு. ரேடியேட்டர் முகத்தை மூடும் ஷ்ரவுடும் வேண்டும். இல்லாவிட்டால் பிளேடுக்கு நேரே உள்ள வட்டத்துக்குத்தான் காற்று சரியாகக் கிடைக்கும்.

ரேடியேட்டர் ஃபின்களுக்கு ஊடே பிளாஸ்டிக் டை செருகிக் கட்டுகிறவர்களை மன்னிக்கவே கூடாது. அதிர்வில் உரசி உரசி டியூப் ஓட்டையாகிவிடும். உலோகப் பட்டையை வளைத்து பிராக்கெட் செய்து, ரப்பர் வாஷர் வைத்து முடுக்குவதுதான் வேலை.

பேட்டரியை ஒட்டி ஃப்யூஸ், தடித்த ஒயர், நடுவில் ரிலே. தண்ணீர் சுமார் 90 டிகிரி தொட்டதும் வெப்பச் சுவிட்ச் வேலை செய்து, ரிலே 'டிக்' என்னும். ஃபேன் இரையத் தொடங்கும். டைனமோ வண்டி என்றால் ஃபேனுக்கு மின்சாரம் போதாது, முதலில் ஆல்டர்னேட்டருக்கு மாறுங்கள். பேட்டரியிலிருந்து நேரடியாக இணைப்பு கொடுத்த வண்டியில், சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும். கையை உள்ளே விடுமுன் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள்.