பூஜ்யம் எங்கே இருக்கிறது?

ஓர் ஆவணப்படத் திரையிடல். காமிரா ஊருக்கு மேலே மெல்ல எழும்புகிறது. ஓட்டுக்கூரை, கண்மாய், பனை எல்லாம் கோலம்போல விரிகின்றன. பக்கத்திலிருந்தவர் 'அட, என்னமா எடுத்திருக்கான்' என்கிறார். படம் முடிந்த பிறகு இன்னொருவர் ஃபூக்கோவைத் துணைக்கழைத்து 'இது அதிகாரத்தின் கண்' என்று தீர்ப்புச் சொல்கிறார். இருவரும் பிம்பத்தோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் பிம்பத்துக்கு முன்னால் எழுதப்பட்ட பிரதியொன்று இருக்கிறது. ட்ரோனின் பறத்தல் திட்டம்தான் அது. அதை வாசிக்காத விமர்சனம் பாதி விமர்சனமே.

திட்டம் எப்படி எழுதப்படுகிறது? திரையில் தெரியும் வரைபடத்தில் விரலால் ஓர் எல்லையைக் கீறுகிறோம். உயரம், வேகம், ஒரு படம் அடுத்த படத்தின்மேல் எவ்வளவு கவிய வேண்டும் என்பதையெல்லாம் எண்களாகக் கொடுக்கிறோம். நில அளவைக்கென்றால் செல்லும் திசையில் 75, 80 சதவீதம். பக்கவாட்டில் 60, 70 சதவீதம். மிச்சத்தைக் கருவி பார்த்துக்கொள்ளும். உழவுச்சால் மாதிரி போய்ப்போய்த் திரும்பும். தொடர்பு அறுந்தாலோ பாட்டரி இறங்கினாலோ, முன்கூட்டியே குறித்த உயரத்துக்கு ஏறிக் கிளம்பின இடத்துக்கே வந்து சேரும்.

இதில் ஒரு சங்கதி உண்டு. பெரும்பாலான கருவிகளில் உயரம் என்பது கீழேயுள்ள தரையிலிருந்து அல்ல, கிளம்பின இடத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. பள்ளத்தில் நின்றுகொண்டு 60 மீட்டர் என்று கொடுத்து மேட்டுப்பக்கம் அனுப்பினால், 40 மீட்டர் மேட்டுக்கு மேலே அது 20 மீட்டரில்தான் பறக்கும். அங்கே ஒரு கைபேசிக் கோபுரம் நின்றால் கதை முடிந்தது. அனுப்புகிறவன் நிற்கும் இடம்தான் பூஜ்யம். இதை வெறும் தொழில்நுட்ப விவரம் என்று ஒதுக்க முடியவில்லை. மேலிருந்து பார்க்கும் பார்வையின் இலக்கணமே இதுதான் என்று எனக்குப் படுகிறது.

ஜெர்மானியத் திரைக்கலைஞர் ஹாருன் ஃபரோக்கி 1988-இல் எடுத்த ஒரு படத்தின் மையத்தில் சில வான்படங்கள் இருக்கின்றன. 1944 ஏப்ரல் 4 அன்று நேசநாட்டு விமானம் ஐ.ஜி. ஃபார்பன் தொழிற்சாலையைத் தேடிப் போனது. காமிராவில் தொழிற்சாலையும் விழுந்தது, பக்கத்திலிருந்த ஆஷ்விட்ஸ் கொலைமுகாமும் விழுந்தது. பகுப்பாய்வாளர்கள் தொழிற்சாலையை அடையாளம் கண்டார்கள். முகாமைக் காணவில்லை, அதைத் தேடச்சொல்லி யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. 1970களின் பிற்பகுதியில்தான் சி.ஐ.ஏ. ஊழியர்கள் இருவர் அதே படங்களில் முகாமைக் கண்டுகொண்டார்கள். படத்தில் பதிவாவது வேறு, பார்க்கப்படுவது வேறு. நடுவில் இருப்பது திட்டம்.

நம் நாட்டுக்கு வருவோம். 2020 ஏப்ரல் 24 அன்று மத்திய அரசு தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் கிராமக் குடியிருப்புகளை ட்ரோன்கள் அளக்கின்றன. ட்ரோன் வருமுன்னே தரையில் சுண்ணாம்புப் பொடியால் வீட்டெல்லைகளைக் குறிக்கிறார்கள். ஆக, வானத்திலிருந்து எடுக்கப்படுவது மண்ணில் மனிதக்கை போட்ட கோடுதான். அந்தக் கோட்டைப் போடும் கை யாருடையது? கோட்டின்மேல் வழக்கிருந்தால் வழக்கு படத்தில் விழாது, கோடு மட்டுமே விழும்.

'பாதுகாப்பான பறத்தல்' என்ற சொல்லையும் இப்படியே கேட்க வேண்டியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் ஷம்பு எல்லையில் போலீசின் ட்ரோன்கள் விவசாயிகள்மேல் கண்ணீர்ப்புகைக் குண்டு போட்டன. அவர்கள் பட்டம் விட்டு, அதன் நூலில் ட்ரோனைச் சிக்கவைக்கப் பார்த்தார்கள். ட்ரோன் ஓட்டுகிறவனுக்குப் பட்டநூல் ஆபத்து. கீழே நின்றவனுக்கு அதுவே பாதுகாப்பு.

அப்படியானால் ட்ரோனே வேண்டாமா? அப்படிச் சொல்லிவிடுவது சுலபம், அது சோம்பேறித்தனமும்கூட. கல்குவாரி எத்தனை ஏக்கரைத் தின்றிருக்கிறது, ஏரியின் எந்த மூலை மூடப்பட்டிருக்கிறது என்பதை நிலத்தில் நின்று காட்டிவிட முடியாது. உயரம் நமக்கும் தேவைதான். 2021-இன் விதிகள் பச்சை மண்டலத்தில் 120 மீட்டர்வரை முன்னனுமதியின்றிப் பறக்கவிடுகின்றன. விதி மேல்வரம்பைத்தான் சொல்லும். பூஜ்யத்தை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

அதற்கு முதலில் நடக்கணும். மெல்லிய மின்கம்பி வரைபடத்தில் இருக்காது. கருவியின் உணரிகளும் அதைத் தவறவிடும். எந்த இடத்தில் கம்பி தாழ்ந்து தொங்குகிறது, எந்த மரத்தில் பருந்து கூடு கட்டியிருக்கிறது என்பது அங்கே ஆடு மேய்க்கிறவருக்குத் தெரியும். எதைப் படமெடுக்க வேண்டும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். அளவைக்காரனுக்கு நிழல் இடைஞ்சல். அதனால் உச்சிவெயிலில் பறக்கவிடுவான். குவாரிக்குழியின் ஆழம் கண்ணுக்குத் தெரிய நிழல் வேண்டும். காலையின் சாய்வெயிலில் போகிறவனுக்குத்தான் குழி குழியாகக் கிடைக்கும். பாதுகாப்பும் நல்ல படமும் ஒரே நடையில் கிடைக்கிற விஷயங்கள்.

செயல்பாட்டு நண்பர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. போராட்டத்தின் திரளைக் காட்டத் தாழப் பறந்து முகங்களைப் பதிவு செய்கிறீர்கள். இடமும் நேரமும் அந்தக் கோப்பிலேயே பதிவாகின்றன. நாளைக்கு அது போலீஸ் கையில் சிக்கினால் வருகைப்பதிவேடு ஆகிவிடும். ஆகவே எந்த உயரம், எந்த நேரம், எதை விடுவது என்பதைப் பறக்கவிடும் முன்பே, படத்தில் விழப்போகிறவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அந்தப் பேச்சையும் படத்தில் வையுங்கள். ட்ரோன் எங்கேயிருந்து கிளம்பியது, அங்கே யார் யார் நின்றிருந்தார்கள் என்பது பார்ப்பவனுக்கும் தெரியட்டும்.