சொற்களைத் தானம் செய்வது

செப்டம்பர் 30 வந்தால் மொழிபெயர்ப்பு நிறுவனங்கள் தங்கள் கொடைக் கணக்கை வெளியிடத் தொடங்கிவிடுகின்றன. விவிலியத்தை லத்தீனில் தந்த ஜெரோமின் நினைவு நாள் அது, 2017இல் ஐ.நா. பொதுச்சபை அதைச் சர்வதேச மொழிபெயர்ப்பு நாளாக ஏற்றது. இந்த ஆண்டு தொண்டு நிறுவனங்களுக்கு இத்தனை லட்சம் சொற்களை இலவசமாக மொழிபெயர்த்தோம் என்று எண்ணிக்கை வரும். கூடவே பாராட்டும் வரும். பணம் இருப்பவர் பணம் கொடுக்கட்டும், தொழில் தெரிந்தவர் தொழிலைக் கொடுக்கட்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். எனக்கு நெடுநாளாகவே இதில் உடன்பாடில்லை.

கொடுப்பவர்களின் மனத்தை நான் சந்தேகிக்கவில்லை. மருந்தின் அளவில் ஒரு புள்ளி இடம் மாறினால் உயிர் போகும் என்ற இடத்தில், தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கூலி வாங்காமல் உட்கார்ந்து வேலை செய்வது பெரிய காரியம். கையில் காசே இல்லாத சிறிய அமைப்புகளுக்கு இந்த உதவி இல்லையென்றால் மொழிபெயர்ப்பே இல்லை. இவ்வளவையும் ஒப்புக்கொண்டே பேசுகிறேன்.

இந்த வழக்கத்தின் பிறப்பிலேயே அதன் கோளாறு இருக்கிறது. 1993இல் பாரிஸில் தொடங்கிய 'எல்லைகளற்ற மொழிபெயர்ப்பாளர்கள்' அமைப்பின் தொடக்கக் கதை எல்லோரும் அறிந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு இலவசமாக மொழிபெயர்த்துக் கொடுத்தால், மிச்சமாகும் பணம் நோயாளிகளிடம் போய்ச் சேரும் என்பதுதான் அன்றைய எண்ணம். அழகான எண்ணம். ஆனால் அதற்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது: மொழிபெயர்ப்பு என்பது மிச்சம் பிடிக்க வேண்டிய செலவு, உதவி என்பது வேறு எதுவோ. கூடாரத்தை யாரும் மிச்சம் பிடிக்கச் சொல்வதில்லை. குளோரின் மாத்திரையையும் சொல்வதில்லை. அந்த மாத்திரையை எத்தனை லிட்டர் தண்ணீரில் போடுவது என்று தாய்க்குப் புரியும் மொழியில் சொல்வது மட்டும், யாராவது மனமிரங்கிச் செய்தால் நடக்கும் காரியமாகிவிட்டது. வரவுசெலவுத் திட்டத்தில் இடமில்லாத ஒன்றை யாரும் உரிமையோடு கேட்க முடியாது. அது தாமதமானாலும் வராமலே போனாலும் பதில் சொல்லவும் ஆளில்லை.

இதில் இன்னொரு சிக்கல், கொடை தன் வசதிப்படியே மொழியையும் தேர்ந்துகொள்கிறது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்கள் எங்கே உருவாகிறார்கள்? வணிகம் நடக்கும் மொழிகளில். ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் ஸ்பானியத்துக்கும் இடையே ஓய்வு நேரத்தில் வேலை செய்ய ஆட்கள் நிறைய உண்டு. ஆகவே திட்ட அறிக்கை, மதிப்பீட்டு அறிக்கை, நிதி தருவோருக்கான கடிதம் ஆகியவை எளிதாக மொழி மாறுகின்றன. 2018இல் காங்கோவின் வடக்கு கிவுவில் எபோலா பரவியது. 2,200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே பெனி, புத்தெம்போ பகுதி மக்களுக்கு வேண்டியிருந்தது நந்தே மொழியும், காங்கோவில் பேசப்படும் சுவாஹிலியும். பிரெஞ்சும் ஏட்டுச் சுவாஹிலியும் எட்டாதவர்கள் அவர்களில் ஏராளம். நந்தே மொழியில் சொற்களைத் தானம் செய்ய ஐரோப்பாவில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்?

சொல் கணக்கே பொருந்தாத இடங்களும் உண்டு. 2017 ஆகஸ்ட்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் மியான்மரிலிருந்து வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு ஓடிவந்தார்கள். அவர்கள் மொழிக்கு எல்லோரும் பயன்படுத்தும் ஒரே எழுத்துமுறை இல்லை. பெரும்பாலோருக்கு எந்த எழுத்திலும் வாசிப்பு இல்லை. உதவி அமைப்புகள் சிட்டகாங் வட்டார மொழி பேசுவோரை நம்பின. இரண்டும் நெருங்கிய மொழிகள்தானே என்ற துணிச்சல். ஆனால் அகதிகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் அம்மொழியின் எளிய வாக்கியம்கூடப் புரியவில்லை என்று கண்டு சொன்னது வேறு யாரும் அல்ல, எல்லைகளற்ற மொழிபெயர்ப்பாளர்களே. அங்கே தேவைப்பட்டது பக்கம் பக்கமாகத் தாள் அல்ல. மருத்துவரும் கர்ப்பிணியும் பேசும்போது பக்கத்தில் நிற்கும் பயிற்சி பெற்ற பெண், அவள் நாளைக்கும் வருவாள் என்ற உறுதி, அவளுக்குச் சம்பளம். தொலைவிலிருந்து அனுப்பும் கொடையால் இந்த மூன்றில் ஒன்றையும் தர முடியாது.

தொழில்முறைக் கொடையாளருக்குச் சான்றிதழ் கிடைக்கிறது, நன்றிக் கடிதம் கிடைக்கிறது. களத்தில் உண்மையாகவே மொழிபெயர்ப்பவருக்கு என்ன கிடைக்கிறது? ரெடிங், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மலாவி, கிர்கிஸ்தான், பெரு ஆகிய நாடுகளில் செய்த ஆய்வின் முடிவுகள் 2018இல் வெளிவந்தன. வளர்ச்சிப் பணிகளில் மொழிக்கு மிகக் குறைந்த இடமே தரப்படுகிறது, உள்ளூர் ஊழியர்களே அந்தச் சுமையைத் தூக்குகிறார்கள் என்று அது காட்டியது. வண்டி ஓட்டுபவர் கூட்டத்தில் எழுந்து மொழிபெயர்க்கிறார். கணக்கு எழுதும் பெண் இரவில் விண்ணப்பத்தை ஆங்கிலமாக்குகிறார். அவர்களுடைய வேலை விவரத்தில் இது இல்லை, சம்பளத்திலும் இல்லை. மொழி என்பது இலவசமாகக் கிடைப்பது என்று மேலே பழகிவிட்டால், கீழே இருப்பவரிடமும் அதை இலவசமாகவே பிடுங்கத் தோன்றுகிறது. இதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

ஹைட்டியை எடுத்துக்காட்டி மறுப்பார்கள். 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்துக்குப் பிறகு 4636 என்ற எண்ணுக்கு மக்கள் கிரியோலில் அனுப்பிய குறுஞ்செய்திகளை, பல நாடுகளில் வாழ்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஹைட்டியர்கள் கூலியின்றி ஆங்கிலமாக்கினார்கள். மறுக்க முடியாத சாதனை. ஆனால் அது நிறுவனங்களின் தொழில்முறைக் கொடை அல்ல. தங்கள் ஊர் இடிபாட்டில் கிடந்தபோது அந்த ஊர் மக்கள் ஓடிவந்தது. அதுவும் கொஞ்ச காலத்தில் மிர்பலே நகரில் ஊதியம் பெற்ற பணியாளர்கள் கைக்கு மாறியது. நிலநடுக்கம் கண்ட நாட்டிலேயே முடிந்தது மற்ற இடங்களில் முடியாதா? அதே ஹைட்டியில் போர்ட் ஓ பிரின்ஸ் ஐ.நா. தளத்தில் ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. உள்ளூர் அமைப்புகள் வெளியே நின்றன. அந்தக் கூட்டங்களுக்கு ஒரு கிரியோல் மொழிபெயர்ப்பாளரை நாள் சம்பளத்துக்கு வைக்க எவ்வளவு ஆகியிருக்கும்?

மக்களுக்கு எளிதில் புரியும் மொழியில் பேச வேண்டும் என்று 2014இல் வெளிவந்த மனிதநேயப் பணிக்கான அடிப்படைத் தரநிலை சொல்லிவிட்டது. அந்தத் தரநிலையை ஏற்றுக்கொண்டவர்கள் செலவுப் பட்டியலிலும் அதை எழுத வேண்டும். நிதி தரும் அரசுகளும் அறக்கட்டளைகளும், ஒரு திட்டம் எந்தெந்த மொழிகளில் நடக்கும், அந்த மொழி பேசுவோருக்கு என்ன ஊதியம் என்று எழுதாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். உள்ளூர் அமைப்புகளின் விண்ணப்பங்களை அவர்கள் மொழியிலேயே வாங்கி, ஆங்கிலமாக்கும் செலவைத் தாங்களே ஏற்க வேண்டும். மொழிபெயர்ப்பு நிறுவனங்கள் கொடுத்தே ஆக வேண்டும் என்று நினைத்தால் பணமாகக் கொடுக்கட்டும். நந்தேவும் ரோஹிங்கியாவும் பேசும் இளைஞர்களுக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்து, படிக்கும் காலத்துக்கும் சம்பளம் போடட்டும்.