கள்ளிப்பாலும் கருவியும்

பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ 1994-இல் வெளிவந்தது. பெண் சிசுக்கொலையைத் தமிழகத்தின் கண்முன் நிறுத்திய அதன் துணிவு போற்றத்தக்கது. எனினும், சேலத்தில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் வந்தடைந்த தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரத்திலிருந்து அப்படத்தை நோக்குவோருக்கு ஒரு குறை புலப்படும்.

கள்ளிப்பாலுக்குத் தப்பிய மகள் படத்தில் மருத்துவராகத் திரும்புகிறாள். கொடுமை கல்லாமையுடையது, மருத்துவமே மீட்சி என்று நாம் ஆறுதலடைகிறோம். ஆனால், கருவின் பாலினத்தை அறிவிப்பதைத் தடுக்கும் சட்டமும் அதே 1994-இல்தான் நிறைவேறிற்று. குற்றம் அதற்குள் கற்றோர் கைக்கு மாறியிருந்தது. சிசுவின் நலங்காண வந்த ஸ்கேன் கருவி, அதன் அழுகுரல் கேளாமலே அழிக்க வழி செய்தது.

உயிரோடு புதைக்கப்பட்ட பெண்மகவு மறுமையில் வினவப்படுவதை ‘அத்தக்வீர்’ அத்தியாயம் அறிவிக்கிறது. கருவில் ரூஹு ஊதப்படும் காலம்பற்றி ஃபிக்ஹு அறிஞர் ஆராய்ந்தனர். பெண்ணாயிருத்தலைக் குற்றமென அவர்கள் கொண்டதில்லை.

நம் இல்லங்கள் இதற்குப் புறம்பானவையா? மஹர் கொடுக்கக் கடமைப்பட்டவன் கைக்கூலி கேட்கும் வீட்டில்தான் அக்கருவிக்கு வேலை பிறக்கிறது. படம் காட்டாத கள்ளிச்செடி அங்கேதான் வளர்கிறது.