களப்பு நீரின் நுண்ணுயிர்களும் பிரைமர்த் தெரிவும்

மெய்க்கருவுடைய நுண்ணுயிர்களை டிஎன்ஏயைக் கொண்டு இனங்காண முற்படுவோர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது பிரைமரை. நீர் மாதிரியில் கலந்து கிடக்கும் டிஎன்ஏயிலிருந்து குறித்த ஒரு துண்டை மட்டும் பிசிஆர் முறையில் பெருக்குவதற்காக, அதன் இரு முனைகளிலும் போய் ஒட்டும் குறுந்தொடர்களே பிரைமர்கள். தயற்றம், பிசிருயிரி, பச்சை அல்கா, பங்கசு என உறவில் வெகுதூரம் விலகிய உயிர்கள் அனைத்திலும் 18எஸ் ரைபோசோம் மரபணு உண்டு. ஏறத்தாழ 1,800 எழுத்து நீளமான அந்த மரபணுவில் மாறாத பகுதிகளும் விரைவாக மாறும் பகுதிகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மாறாத இடத்தில் பிரைமர் ஒட்டும். மாறும் இடம் உயிரை அடையாளம் காட்டும்.

1988 இல் லிண்டா மெட்லினும் சகாக்களும் வெளியிட்ட பிரைமர் சோடி மரபணு முழுவதையும் பெருக்கியது. குறுந்துண்டுகளைப் பெருந்தொகையாக வாசிக்கும் கருவிகள் வந்தபின் இரு மரபுகள் கிளைத்தன. 2009 இல் அமரல்-செட்லர் குழுவினர் மாறும் பகுதிகளுள் வி9 எனப்படுவதற்கும், 2010 இல் ஸ்டெக் குழுவினர் வி4 எனப்படுவதற்கும் பிரைமர்கள் தந்தனர்.

வி9 துண்டு சுமார் 130 எழுத்துத்தான். ஆனால் அதன் வீச்சு பெரிது. தாரா கப்பலின் கடற்பயணத்தில் 47 நிலையங்களில் எடுத்த மாதிரிகளை வி9 வழியாக வாசித்து, ஏறத்தாழ 1,10,000 வகைத்தொகுதிகளை 2015 இல் அறிவித்தார்கள். வி4 பிரைமர்கள் பெரும்பாலும் தவறவிடும் டிப்ளோனிமாக்கள் என்னும் ஒருகல உயிர்கள் கடலில் எவ்வளவு பல்வகைப்பட்டவை என்பது அப்போதுதான் தெரிந்தது. வி4 துண்டு ஏறத்தாழ 400 எழுத்து. நெருங்கிய இனங்களைப் பிரித்தறிய அதுவே வலியது, ஒப்பிடுவதற்கான பதிவுகளும் அதற்கே அதிகம்.

வி4 மரபின் குறை அதன் பின்பிரைமரில் இருந்தது. 18 எழுத்துள்ள அந்தத் தொடர் வை, ஆர், ஏ என முடியும். வை என்பது சி அல்லது ரி; ஆர் என்பது ஏ அல்லது ஜி. ஆக, ஒரு பெயரில் நான்கு தொடர்களின் கலவை. நொதி டிஎன்ஏயை நீட்டத் தொடங்குவது இந்த முனையிலிருந்து என்பதால், இங்கே ஓர் எழுத்துப் பொருந்தாவிட்டாலும் பெருக்கம் படுத்துவிடும். கடைசி ஏ ஹப்டோபைற்றுகள் என்னும் அல்காக் கூட்டத்துக்குப் பொருந்தவில்லை. 2015 இல் பல்சானோ குழுவினர் அந்த ஓர் எழுத்தை நீக்கிய வடிவத்தைப் பயன்படுத்தி அவற்றையும் உள்ளே கொண்டுவந்தார்கள். இவ்வளவு சிறிய திருத்தத்தால் ஒரு முழுக் கூட்டம் கண்ணுக்குத் தெரியவந்தது வியப்புக்குரியது.

மாதுறு ஓயாவின் நன்னீரும் வங்கக்கடலின் உப்புநீரும் சேரும் வாழைச்சேனைக் களப்பு போன்ற இடத்தில் தெரிவு மேலும் கடினம். மாரியில் வயல்நீரோடு வரும் நன்னீர் அல்காக்களையும், கோடையில் முகத்துவாரத்தால் ஏறிவரும் கடலுயிர்களையும் ஒரே பிரைமர் பிடிக்க வேண்டும். திருத்திய வி4 சோடியை அடிப்படையாக வைத்து, சில மாதிரிகளை வி9 இலும் வாசிப்பதே இங்கு நல்ல வழி. கண்டல் சேற்றின் போரமினிபெராக்களுக்குத் தனிப் பிரைமர் வேண்டும்; பங்கசுகளை இனமளவில் பிரிக்க ஐடிஎஸ் என்னும் வேறொரு பகுதிக்கு 1990 முதல் வழக்கிலுள்ள பிரைமர்கள் உண்டு. இறால் குஞ்சுகளின் டிஎன்ஏ மற்றெல்லாவற்றையும் மூடிவிடாதபடி நீரை முதலில் வலையில் வடித்தெடுக்க வேண்டும்.

எந்தச் சோடியானாலும் பிஆர்2 தரவுத்தளத்தின் தொடர்களோடு கணினியில் பொருத்திப் பார்த்த பின்பே வாங்குவது முறை. இனமறிந்த வளர்ப்புகளின் டிஎன்ஏக் கலவை ஒன்றையும், டிஎன்ஏ சேர்க்காத வெறும் நீரையும் ஒவ்வொரு தடவையும் மாதிரிகளோடு சேர்த்து ஓட்ட வேண்டும். டைனோபிளாஜெலேற்றின் ஒரே கலத்தில் இந்த மரபணு ஆயிரக்கணக்கான படிகளில் இருக்கக்கூடும். நுண்ணிய பச்சை அல்காவிலோ சிலவே. ஆகவே வாசிப்பு எண்ணிக்கையைக் கலங்களின் எண்ணிக்கையாகக் கொள்ளலாகாது.